கண்ணாடிக்குள் ஒரு குளம்

பள்ளி ஆண்டு விழாவுக்கு இரண்டு நாட்கள் இருக்கையில் கண்ணாடித் தொட்டி ஒன்று வாங்கப்படுகிறது. அன்று மாலையே அது குழாய் நீரால் நிரப்பப்படுகிறது. மறுநாள் காலையில் ஒரு டஜன் தங்கமீன்கள் வந்து சேருகின்றன. விழாவுக்கு வந்தோர் அனைவரும் அதன் முன் நின்று மகிழ்கின்றனர். நான்காம் நாள் இரண்டு மீன்கள் இறந்து மிதக்கின்றன. வாரம் முடிவதற்குள் ஏனையவும் மடிகின்றன. நீரோ பார்வைக்குத் தெளிவாகவே இருக்கிறது. மீன்களின் உடலில் புண்ணும் இல்லை, காயமும் இல்லை. காரணம் விளங்காத நிலையில் தொட்டி கழுவப்பட்டுப் பொருளறைக்குச் செல்கிறது. மீன் வளர்த்தால் செத்துப்போகும் என்ற ஒரே பாடத்தை மாணவர்கள் கற்றுக்கொள்கின்றனர்.

நம் நாட்டின் எத்தனையோ பள்ளிகளிலும் வீடுகளிலும் நிகழ்வது இதுவே. அம்மீன்களைக் கொன்றது நோயன்று, அவசரமே. மீன்தொட்டி என்பது நீர் நிறைந்த பாத்திரம் மட்டுமன்று. அது ஒரு சிறு குளம். குளம் ஒரே நாளில் உருவாவதில்லை, தொட்டியும் அவ்வாறே. செடிகள், மண், கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள் ஆகிய மூன்றும் நிலைபெற்ற பின்னரே மீன்களுக்கு அங்கு வாழ்வு உண்டு. இவ்வுண்மையை மனத்திற்கொண்டு, நீர்த்தாவரங்கள் நிறைந்த நன்னீர்த் தொட்டி ஒன்றை வீட்டிலோ வகுப்பறையிலோ அமைக்கும் முறையை இக்கட்டுரையில் காண்போம்.

ஒரு பழைய பரிசோதனை

செடிகள் சூரிய ஒளியில் பிராணவாயுவை வெளியிடுகின்றன என்பதை 1779இல் யான் இங்கன்ஹௌஸ் என்ற மருத்துவர் மெய்ப்பித்தார். ஒரு மூடிய நீர்நிலையில் மீனும் செடியும் ஒன்றையொன்று தாங்கி வாழ முடியுமா என்ற வினா அதனைத் தொடர்ந்து எழுந்தது. 1849இல் லண்டனைச் சேர்ந்த ராபர்ட் வாரிங்டன் என்னும் வேதியியல் அறிஞர் இதனைப் பரிசோதிக்க முற்பட்டார். பெரியதொரு கண்ணாடிப் பாத்திரத்தில் மணலும் மண்ணும் இட்டு, வாலிஸ்நேரியா என்ற நீர்ச்செடியை நட்டு, இரண்டு சிறு தங்கமீன்களை அதில் விட்டார்.

முதலில் யாவும் நன்றாகவே நடந்தன. பின்னர்ச் செடியின் முதிர்ந்த இலைகள் அழுகத் தொடங்கின, நீர் கலங்கியது. வாரிங்டன் பரிசோதனையைக் கைவிடவில்லை. இயற்கையான குளங்களில் அழுகிய இலைகள் என்ன ஆகின்றன என்று ஆராய்ந்தார். குளத்து நத்தைகள் சிலவற்றைக் கொண்டுவந்து பாத்திரத்தில் விட்டார். அவை அழுகிய பகுதிகளைத் தின்றன. நீர் மீண்டும் தெளிந்தது. நத்தைகளின் முட்டைகள் மீன்களுக்கு இரையாயின. செடி, மீன், நத்தை மூன்றும் சேர்ந்த ஒரு சமநிலை அங்கு உருவாயிற்று. இந்த ஆய்வை அவர் 1850இல் லண்டன் வேதியியல் சங்கத்தில் எடுத்துரைத்தார். 1853இல் லண்டன் விலங்குக் காட்சிச் சாலையில் பொதுமக்களுக்கென மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. மறு ஆண்டில் பிலிப் ஹென்றி காஸ் எழுதிய நூல் 'அக்குவேரியம்' என்ற சொல்லை வீடுதோறும் பரப்பியது.

வாரிங்டனின் பரிசோதனை நமக்கு இன்றும் பயன்படுவது. மீன் வாழ வேண்டுமெனில் மீனைப் பேணினால் மட்டும் போதாது, மீனின் கழிவு எங்கே செல்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும் என்பதே அதன் சாரம். எனினும், அவருடைய பாத்திரத்தில் அவர் காணாத உழைப்பாளர் சிலரும் இருந்தனர்.

கண்ணுக்குப் புலப்படாத குடிகள்

மீன்கள் தம் செவுள்கள் வழியாக அம்மோனியாவை இடைவிடாது வெளியேற்றுகின்றன. தின்னாமல் எஞ்சிய உணவும் அழுகிய இலைகளும் அம்மோனியாவையே தருகின்றன. இது மீன்களுக்குக் கொடிய விஷம். நீரில் அம்மோனியா இரு வடிவங்களில் உள்ளது. அவற்றுள் அயனியாகாத வடிவம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் இருப்பினும் செவுள்களுக்கு ஊறு நேரும். நீரின் காரத்தன்மை மிகுந்தால் இவ்வடிவத்தின் பங்கும் மிகுகிறது. 25 பாகை சென்டிகிரேடு வெப்பத்தில், பி.எச். எண் 7 ஆக இருக்கும்போது மொத்த அம்மோனியாவில் இது நூற்றில் ஒரு பங்கைக்கூட எட்டாது, பி.எச். 8இல் நூற்றுக்கு ஐந்து பங்கைத் தாண்டும்; பி.எச். 9இல் மூன்றில் ஒரு பங்கையும் கடந்துவிடும். தக்காணத்தின் பல பகுதிகளில் கிணற்று நீர் காரத்தன்மை மிக்கது. அத்தகைய நீரைப் பயன்படுத்துவோர் இதனை நினைவிற்கொள்ளல் நன்று.

குளத்தில் இந்த விஷம் தேங்குவதில்லை. ஒருவகைப் பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. வேறொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகின்றது. நைட்ரைட்டும் தீங்கு பயப்பதே. அது மீனின் இரத்தத்தில் கலந்தால் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழந்து பழுப்பு நிறம் அடைகிறது. நைட்ரேட்டின் தீங்கு மிகக் குறைவு. செடிகளுக்கு அது உரமுமாகிறது. இப்பாக்டீரியாக்களின் இயல்பை 1890ஆம் ஆண்டையொட்டி விநோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய விஞ்ஞானி விளக்கினார். இரு பணிகளையும் தாமே செய்துமுடிக்கும் பாக்டீரியாக்களும் உண்டு என்பது 2015இல் கண்டறியப்பட்டது.

இந்நுண்ணுயிர்கள் நீரில் மிதப்பதைவிட மணல், கல், செடியின் வேர், வடிகட்டிப் பஞ்சு ஆகியவற்றின் மீது ஒட்டி வாழ்வதே மிகுதி. இவை மெதுவாகப் பெருகும் இயல்புடையன. புதிய தொட்டியில் போதிய அளவு பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். ஆண்டு விழாத் தொட்டியின் மீன்கள் மடிந்த காரணம் இப்போது விளங்கும். அவை வெளியிட்ட அம்மோனியாவை மாற்றுவதற்கு அங்கு எவரும் குடியேறியிருக்கவில்லை.

நீர்ச்செடிகள் இங்கு நமக்குப் பெருந்துணை. அவற்றுள் பல நைட்ரேட்டைவிட அம்மோனியத்தையே விரும்பி உட்கொள்வன. நன்கு செடி நடப்பட்ட தொட்டி வெறும் தொட்டியைவிட விரைவில் பாதுகாப்பான நிலையை அடைவதற்கு இதுவே காரணம்.

தொட்டியும் அதன் இடமும்

சிறிய தொட்டியே எளிது என்று பலர் எண்ணுவர். உண்மை அதற்கு மாறானது. நீர் குறைந்தால் வெப்பமும் விஷமும் விரைவாக ஏறும். உருண்டைக் கண்ணாடிக் குடுவை அடியோடு தவிர்க்கத்தக்கது. 60 சென்டிமீட்டர் நீளம், 30 சென்டிமீட்டர் அகலம், 35 சென்டிமீட்டர் உயரம் உள்ள தொட்டி தொடக்கத்திற்கு ஏற்றது. மண்ணுக்கும் மேற்புற இடைவெளிக்கும் விட்டது போக ஏறக்குறைய 50 லிட்டர் நீர் இதில் நிற்கும். கண்ணாடி 6 மில்லிமீட்டர் கனம் இருப்பது பாதுகாப்பு. முற்காலத்தில் இரும்புச் சட்டத்தில் கண்ணாடியைப் பொருத்தி மக்கு இட்டு அடைத்தனர். இப்போது சிலிக்கோன் பசையே போதுமானது. குளியலறைக்கென விற்கப்படும் பூஞ்சைக்கொல்லி கலந்த பசையைப் பயன்படுத்தலாகாது. அது மீன்களுக்குத் தீங்கு செய்யும்.

நீர், மண், கண்ணாடி யாவும் சேர்ந்து இத்தொட்டியின் எடை சுமார் 80 கிலோகிராம் ஆகும். எனவே ஆட்டமில்லாத மேசையோ கல் மேடையோ தேவை. தொட்டியின் அடியில் மென்மையான அட்டை அல்லது தெர்மகோல் பலகை ஒன்றை விரித்தல் நலம். அடியில் சிக்கும் ஒரு மணற்கல்லும் கண்ணாடியைப் பிளந்துவிடக்கூடும். நீர் நிரப்பிய தொட்டியை ஒருபோதும் நகர்த்தலாகாது.

நேர் வெயில் படும் சன்னல் ஓரம் தகாது. வெயிலால் பாசி பெருகும், நீரும் சூடேறும். நீர் சூடேறினால் அதில் கரைந்து நிற்கும் பிராணவாயுவின் அளவு குறையும். 20 பாகை வெப்பத்தில் ஒரு லிட்டர் நீர் சுமார் 9.1 மில்லிகிராம் பிராணவாயுவை ஏற்கும். 30 பாகையில் அது 7.6 மில்லிகிராமாகக் குறைகிறது. ஆகவே அறையின் குளிர்ந்த பகுதியைத் தேர்ந்து, விளக்கின் துணைகொண்டு செடிகளை வளர்ப்பதே சிறந்தது. 10 முதல் 15 வாட் அளவுள்ள வெள்ளை எல்.இ.டி. விளக்கு இத்தொட்டிக்குப் போதும். நாள்தோறும் எட்டு மணி நேரம் அது எரியட்டும்.

மண்ணும் மணலும் நீரும்

செடிகளுக்கு உணவு வேரின் வழியே கிடைத்தல் வேண்டும். புதிய எருவோ ரசாயன உரமோ பூச்சிமருந்தோ படாத தோட்டத்துச் செம்மண்ணைச் சலித்து எடுத்துக்கொள்க. அதனை நனைத்து வெயிலில் உலர்த்துவதை இரண்டு மூன்று முறை செய்தால், பின்னர் மண்ணிலிருந்து அம்மோனியா மிகுதியாக வெளிப்படுவது குறையும். இம்மண்ணை இரண்டு சென்டிமீட்டர் கனத்திற்குப் பரப்பி, அதன்மேல் நன்கு கழுவிய மணலை நான்கு சென்டிமீட்டர் கனத்திற்கு மூடுக. அமெரிக்க உயிரியல் அறிஞர் டயானா வால்ஸ்டாட் 1999இல் வெளியிட்ட நூலின் வாயிலாக இம்முறை உலகெங்கும் பரவியது. நம் நாட்டு அல்லிக் குளங்களின் அடித்தளமும் இத்தகையதே.

மணலில் கிளிஞ்சலோ சுண்ணாம்புக் கல்லோ கலந்திருத்தல் ஆகாது. அது நீரின் கடினத்தன்மையையும் பி.எச். எண்ணையும் உயர்த்தும். ஒரு பிடி மணலின் மீது எலுமிச்சைச் சாறு பிழிந்து பாருங்கள். நுரைத்தால் அம்மணலை விலக்குக. அலங்காரக் கற்களுக்கும் இச்சோதனை பொருந்தும்.

நகராட்சிக் குழாய் நீரில் கிருமிகளைக் கொல்லக் குளோரின் சேர்க்கப்படுகிறது. அது மீன்களையும் நம் பாக்டீரியாக்களையும் வேறுபாடு பார்ப்பதில்லை. அகன்ற வாளியில் ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் பெரும்பாலும் அகன்றுவிடும். குளோரமின் சேர்க்கப்பட்ட நீரில் இம்முறை பயன்படாது. புகைப்படக் கலைஞர்கள் முன்னர்ப் பயன்படுத்திய 'ஹைப்போ' எனப்படும் சோடியம் தயோசல்பேட் குளோரினை உடனே நீக்கும். ஒரு மில்லிகிராம் குளோரினுக்கு ஏழு மில்லிகிராம் ஹைப்போ தேவை. லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் குளோரின் உள்ள 50 லிட்டர் நீருக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு கிராம் போதுமானது. நீரை ஊற்றுகையில் மணலின் மேல் ஒரு தட்டை வைத்து, அதன்மீது மெதுவாக ஊற்றுக, மண் கலங்காது.

செடிகள்

அயல்நாட்டுச் செடிகளைத் தேடி அலைய வேண்டுவதில்லை. உலகெங்கும் மீன்தொட்டிகளை அழகு செய்யும் செடிகளுள் பல நம் குளங்களுக்கும் வாய்க்கால்களுக்கும் உரியவை. பாடநூல்களின் வாயிலாக ஆசிரியர்கள் நன்கறிந்த ஹைட்ரில்லா, நாடா போன்ற இலைகளையுடைய வாலிஸ்நேரியா, வேரின்றி மிதக்கும் செரட்டோபில்லம், கிழங்கிலிருந்து அலையலையான இலைகளை விடும் கொட்டிச் செடி, வயல் வரப்புகளில் படரும் நீர்ப்பிரமி, நீர்ப் பெரணி ஆகியவை அவற்றுள் சில. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளில் வளரும் கிரிப்டோகொரைன் இனங்களும் தொட்டியில் நன்கு வாழும். எனினும் காட்டோடைகளிலிருந்து அவற்றைப் பறிப்பது முறையன்று. நாற்றங்காலில் வளர்த்தவற்றையே வாங்குக.

தொடக்கத்திலேயே அடித்தளத்தின் பெரும்பகுதியை மூடுமளவு செடிகளை நட வேண்டும். விரைந்து வளரும் ஹைட்ரில்லாவும் செரட்டோபில்லமும் பாதிக்கு மேல் இருக்கட்டும். அவை நீரிலுள்ள சத்துக்களை முந்திக்கொண்டு உறிஞ்சுவதால் பாசிக்கு இரை கிட்டாது. உயரமானவை பின்புறமும் குட்டையானவை முன்புறமும் அமைதல் பார்வைக்கு அழகு. கரியமிலவாயு உருளை முதலிய செலவு மிகுந்த சாதனங்கள் இவ்வகைச் செடிகளுக்கு வேண்டா. மண்ணில் சிதையும் மட்கே அவ்வாயுவை ஓரளவு தருகிறது.

குளத்திலிருந்து கொண்டுவரும் செடிகளில் தும்பியின் இளம்பருவப் புழுக்கள் மறைந்திருக்கக்கூடும். அவை மீன் குஞ்சுகளைப் பிடித்துத் தின்னும். இளஞ்சிவப்பு நிறம் தோன்றுமளவு பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைத்த நீரில் பத்து நிமிடம் செடிகளை மூழ்கவைத்து, பின் நல்ல நீரில் கழுவி நடுக. குளத்து நத்தைகள் சில ஒட்டுண்ணிகளைச் சுமப்பன. ஆகையால் அவற்றைத் தொட்ட பின் மாணவர்கள் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுதல் வேண்டும்.

காத்திருக்கும் வாரங்கள்

செடிகளை நட்டாயிற்று, விளக்கும் எரிகிறது. மீன் எங்கே என்று குழந்தைகள் கேட்பார்கள். இந்நிலையில்தான் உறுதி வேண்டும். குறைந்தது நான்கு வாரங்கள், இயன்றால் ஆறு வாரங்கள் மீனின்றியே தொட்டி இருக்கட்டும். இக்காலத்தில் நாள்தோறும் ஒரு சிட்டிகை மீன் உணவை நீரில் இடுக. அது அழுகி அம்மோனியாவைத் தரும். அதனை உண்டு பாக்டீரியாக்கள் பெருகும். நன்னிலையில் உள்ள பழைய தொட்டியொன்றின் வடிகட்டிப் பஞ்சைப் பெற்று இட்டால் இக்காலம் வெகுவாகக் குறையும்.

முதல் வாரத்தில் நீர் பால்போல் வெளுத்துக் கலங்கலாம். அஞ்ச வேண்டாம். அது நுண்ணுயிர்கள் திடீரெனப் பெருகியதன் அடையாளம், தானே தெளியும். சில செடிகளின் பழைய இலைகள் உதிரும். அவற்றை அகற்றிவிட்டுப் புதிய தளிருக்குக் காத்திருங்கள். மீன்தொட்டிக் கடைகளில் கிடைக்கும் சோதனை மருந்துகளைக் கொண்டு வாரம் இருமுறை அம்மோனியா, நைட்ரைட் இரண்டையும் அளந்து குறிப்பேட்டில் எழுதுக. முதலில் அம்மோனியா உயரும். அது தணியத் தொடங்குகையில் நைட்ரைட் உயரும். அதுவும் தணிந்து இரண்டும் புலப்படாத அளவை எட்டி ஒரு வாரம் அவ்வாறே நிலைத்தால் தொட்டி தயார். செடிகள் செழித்த தொட்டியில் இவ்வேற்றம் மிகச் சிறிதாகவே தென்படும்.

நம் நாட்டிற்கே உரிய எச்சரிக்கை ஒன்று உண்டு. மீனில்லாத நீர் கொசுவுக்கு உகந்த இடம். முட்டையிலிருந்து கொசு பறந்து வெளிவர ஏழு முதல் பத்து நாட்களே போதும். எனவே மீன் விடும் வரை தொட்டியின் வாயைக் கொசுவலைத் துணியால் இறுக மூடி வைக்க வேண்டும். சுகாதாரத்தைப் போதிக்கும் பள்ளியிலேயே கொசு வளர்வது தகாது.

மீன்கள்

மீன்களைத் தேர்வதிலும் நம் நாட்டுச் செல்வமே முன்னிற்கட்டும். வரிக்குதிரை மீன் எனப்படும் டேனியோ ரேரியோ இந்தியா, நேபாளம், வங்காள தேசம் ஆகிய நாடுகளின் ஓடைகளிலும் வயல்வெளி நீர்களிலும் வாழ்வது. கங்கை நதியின் மீன்களை ஆராய்ந்த பிரான்சிஸ் ஹாமில்டன் 1822இல் இதனை வருணித்தார். நீலக் கோடுகளையுடைய இச்சிறு மீனின் முட்டையும் கருவும் ஒளி ஊடுருவுமளவு தெளிவானவை. கருவின் வளர்ச்சியை நுண்ணோக்கியில் நேரே காணலாம். அமெரிக்காவின் ஒரேகான் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர் இம்மீனை மரபியல் ஆய்வுக்குப் பயன்படுத்தி 1981இல் வெளியிட்ட கட்டுரைக்குப் பின்னர், உலகின் ஆய்வுக்கூடங்கள் பலவற்றில் இது இடம்பெற்றது. இதன் முழு மரபணுத் தொகுதி 2013இல் வெளியாயிற்று. வயலோர ஓடையில் துள்ளும் மீன் உலக விஞ்ஞானத்திற்குத் துணை நிற்பதை மாணவர்களுக்கு எடுத்துக் கூறலாம்.

ஹாமில்டன் அதே நூலில் வருணித்த குள்ளக் கௌராமி கங்கை, பிரம்மபுத்திரா சமவெளிகளைச் சேர்ந்தது. செவுளுக்கு மேலுள்ள தனி உறுப்பின் உதவியால் மேற்பரப்புக் காற்றையும் சுவாசிக்க வல்லது. ஆண் மீன் நுரைக் குமிழிகளையும் செடித் துணுக்குகளையும் சேர்த்துக் கூடு கட்டி முட்டைகளைக் காக்கும் காட்சி காணத்தக்கது. 50 லிட்டர் தொட்டிக்கு எட்டு வரிக்குதிரை மீன்களும் ஒரு சோடிக் குள்ளக் கௌராமியும் போதும். தங்கமீன் இத்தொட்டிக்கு ஏற்றதன்று. அது ஒரு சாணுக்குக் குறையாமல் வளரும், கழிவும் மிகுதி, மென்மையான செடிகளையும் தின்றுவிடும்.

முதலில் பாதி மீன்களை மட்டும் விடுக. எஞ்சியவற்றை இரண்டு வாரங்களுக்குப் பின் சேர்க்கலாம். மீன் வந்த பையை இருபது நிமிடம் தொட்டி நீரில் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்துக. பின்னர்த் தொட்டி நீரைச் சிறிது சிறிதாகப் பையில் கலந்து, மீனை மட்டும் வலையால் எடுத்து விடுக. வரிக்குதிரை மீன் துள்ளும் இயல்புடையதாகையால் தொட்டிக்கு மூடி தேவை.

அன்றாடப் பராமரிப்பு

மீன்கள் பட்டினியால் மடிவது அரிது. மிகுதியான உணவால் மடிவதே வழக்கம். நாளுக்கு ஒருமுறை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்குமளவு உணவு போதும். வாரத்தில் ஒரு நாள் உணவின்றி விடலாம். வளர்ந்த மீன்கள் சில நாள் விடுமுறையை உணவின்றியே கடந்துவிடும். இரக்கம் மிகுந்த எவரேனும் உணவுப் பொட்டலம் முழுவதையும் கொட்டிவிடாதபடி அதனைப் பூட்டி வைத்தலே அறிவுடைமை.

வாரந்தோறும் கால்பங்கு நீரை எடுத்துவிட்டு, குளோரின் நீக்கிய, அதே வெப்பமுள்ள நீரைச் சேர்க்க வேண்டும். ஆவியான நீருக்கு ஈடாக நீரைச் சேர்ப்பது மட்டும் போதாது. ஆவியாவது நீரே, உப்புக்கள் தொட்டியிலேயே தங்கிவிடுகின்றன. வடிகட்டிப் பஞ்சைக் குழாய் நீரில் கழுவலாகாது. தொட்டியிலிருந்து எடுத்த நீரில் பிழிந்து அலசினால் பாக்டீரியாக்கள் பிழைக்கும். தொட்டி முழுவதையும் காலி செய்து மணலைத் தேய்த்துக் கழுவும் வழக்கம் பலரிடம் உண்டு. மாதக்கணக்கில் உருவான குளத்தை ஒரு மணி நேரத்தில் அழிப்பதற்கு அது ஒப்பாகும்.

சிறிய காற்று இயந்திரமும் பஞ்சு வடிகட்டியும் இருப்பது நல்லது. மின்சாரம் நின்றால் நீர் குழாய் வழியே திரும்பி வழியாதபடி இயந்திரத்தை நீர் மட்டத்திற்கு மேலே வைக்க வேண்டும். நீரில் கை வைக்குமுன் மின்சாரத்தை நிறுத்துதல் மீறக்கூடாத விதி.

தொட்டி கற்பிக்கும் பாடம்

மீன்வளத் துறையின் களப் பணியாளர்கள் ஒரு காட்சியை நன்கறிவர். செடியும் பாசியும் மண்டிய குளத்தில், விடியற்காலையில் மீன்கள் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து காற்றை விழுங்கும். மேகமூட்டமான நாட்களுக்குப் பின் இது மிகும். செடிகள் பகலில் பிராணவாயுவை வெளியிடினும் இரவும் பகலும் அதனைச் சுவாசிக்கவும் செய்கின்றன. இரவில் வரவின்றிச் செலவு மட்டுமே நிகழ்வதால் விடியலில் கையிருப்பு மிகக் குறைகிறது. இதனை விவசாயிக்குச் சொல்லால் விளக்குவதைவிடத் தொட்டியில் காட்டுதல் எளிது. விளக்கு ஏற்றுமுன்னும், அணைக்குமுன்னும் பி.எச். எண்ணை அளந்து பாருங்கள். செடிகள் பகலில் கரியமிலவாயுவை எடுத்துக்கொள்வதால் மாலையில் பி.எச். உயர்ந்திருக்கும், காலையில் தாழ்ந்திருக்கும். நீர் மூச்சு விடுவதை இவ்விரு எண்களில் மாணவர் காணலாம்.

தொட்டியில் மிகுந்த ஹைட்ரில்லாவை வெட்டி எடுத்துப் புனல் பரிசோதனைக்குப் பயன்படுத்தலாம். விளக்கை அருகிலும் தொலைவிலும் வைத்து நிமிடத்திற்கு எழும் குமிழிகளை எண்ணினால், ஒளிக்கும் பிராணவாயு உற்பத்திக்கும் உள்ள தொடர்பு தெளிவாகும். முதல் ஆறு வாரக் குறிப்பேட்டின் எண்களை வரைபடமாக வரையச் செய்தால், நைட்ரஜன் சுழற்சி மனப்பாடம் செய்ய வேண்டிய படமாக இராது. தாமே கண்டறிந்த செய்தியாகிவிடும்.

தொட்டிக்கு வெளியே

தொட்டியைக் கைவிட நேர்ந்தாலும், செடியோ மீனோ பெருகினாலும், பலர் அவற்றை அருகிலுள்ள குளத்தில் விட்டுவிடுகின்றனர். இதனை இரக்கச் செயல் என்றும் எண்ணுகின்றனர். அதன் விளைவு கொடியது. தென் அமெரிக்காவிலிருந்து அழகுச் செடியாக வந்த ஆகாயத்தாமரை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வங்காளத்தில் நுழைந்து, பின் நாடெங்கும் ஏரிகளை மூடியது. கேரளத்தில் ஆப்பிரிக்கன் பாயல் என்று அழைக்கப்படும் சால்வீனியா வயல்களையும் வாய்க்கால்களையும் அடைத்தது. தென் அமெரிக்காவைச் சேர்ந்த ஒரு சிறு கூன்வண்டை 1983, 1984ஆம் ஆண்டுகளில் வரவழைத்து விட்ட பின்னரே அது கட்டுக்குள் வந்தது. 2020இல் கோழிக்கோடு மாவட்டத்தின் ஆவளப் பாண்டியில் வாய்க்கால் முழுவதும் இளஞ்சிவப்புப் பூக்கள் நிறைந்ததைக் காண மக்கள் திரண்டனர். பூத்தது கபோம்பா என்னும் அயல்நாட்டு மீன்தொட்டிச் செடி. தொட்டியின் பாசியைத் தின்பதற்கென வாங்கப்படும் சக்கர் மீன், கொல்கத்தாவின் கிழக்குச் சதுப்பு நிலங்கள் உட்பட நாட்டின் பல நீர்நிலைகளில் பரவி, மீனவர்களின் வலைகளைக் கிழித்து, நாட்டு மீன்களுக்குப் போட்டியாகி வருகிறது.

ஆகவே ஒரு விதியைத் தொட்டியின் மீதே எழுதி ஒட்டுதல் நலம்: இங்கிருந்து எதுவும் குளத்திற்குச் செல்லலாகாது. மிகுந்த செடிகளை வெயிலில் உலர்த்தி எருக்குழியில் இடுக. வேண்டாத மீன்களைக் கடைக்கோ வேறொரு வளர்ப்பாளருக்கோ கொடுக்க. கழித்த நீரைத் தோட்டத்துச் செடிகளுக்கு ஊற்றுக. அதிலுள்ள நைட்ரேட் அவற்றுக்கு உரமாகும்.

குளத்திலிருந்து தொட்டிக்கு வரும் வழியிலும் நேர்மை வேண்டும். கேரளம், கர்நாடகம் ஆகிய மாநிலங்களின் மலையாறுகளுக்கே உரிய 'மிஸ் கேரளா' மீன் அழகுக்காக அளவின்றிப் பிடிக்கப்பட்டதால் அருகிவரும் இனங்களின் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. மீன் வாங்குகையில் அது பண்ணையில் பிறந்ததா, ஆற்றில் பிடிக்கப்பட்டதா என்று கேட்பது வாங்குவோரின் கடமை. சென்னைக் கொளத்தூரிலும் வங்காளத்தின் ஹௌரா மாவட்டத்திலும் எண்ணற்ற குடும்பங்கள் வண்ணமீன் உற்பத்தியால் பிழைக்கின்றன. பண்ணை மீனைக் கேட்டு வாங்குவோர் ஆற்றையும் அக்குடும்பங்களையும் ஒருங்கே காக்கின்றனர்.

அடுத்த ஆண்டு விழாவுக்கென ஒரு தொட்டி அமைக்க விரும்பும் ஆசிரியர் விழாவுக்கு இரண்டு மாதம் முன்னரே மண்ணைச் சலிக்கத் தொடங்கட்டும். முதல் ஆறு வாரங்கள் அத்தொட்டியில் காட்டுவதற்குச் செடிகளைத் தவிர வேறெதுவும் இராது. ஆயினும் நாள்தோறும் அதன் எண்களைக் குறித்துவரும் மாணவர், மீன் வந்து சேரும் நாளில், அது ஏன் உயிரோடிருக்கிறது என்பதை விருந்தினருக்குத் தாமே விளக்குவர்.